பிஷப்பைக் கைது செய்யும் காட்சி

"அந்தக் கடைசி சீனை எடுத்துடுங்க டீச்சர். பிஷப்பைக் கைது பண்றதெல்லாம் நம்ம ஸ்கூல் மேடையில வேணாம்."

தாளாளர் தாவீது நாடகப் பிரதியை மேசைமேல் தள்ளினார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் போதகருக்கான கழுத்துப்பட்டை விறைப்பாக இருந்தது. சபையின் போதகரும் அவர்தான். சபை நடத்தும் இந்தப் பள்ளியின் தாளாளரும், அதாவது கரஸ்பாண்டென்டும், அவர்தான். ஞாயிற்றுக்கிழமை பிரசங்க பீடம், மற்ற நாள்களில் இந்த நாற்காலி.

சுகாசினி உட்காரவில்லை. "எடுக்க முடியாது சார். அந்த சீனுக்காகத்தான் நாடகமே."

எதிரில் பட்டுக்கடை மாணிக்கவேல் காலாட்டிக்கொண்டிருந்தார். முகூர்த்த மாதம் வந்தால் சென்னையிலிருந்து அவர் கடைக்கு வரும் கார்களை நிறுத்த இடம் கிடையாது. கடைக்குப் பின்னாலேயே பள்ளிக்கூட மைதானம், பெண்பிள்ளைகள் கோ-கோ விளையாட இருக்கும் ஒரே இடம். அதைக் குத்தகைக்குப் பேசி முடித்துவிட்டார். தாளாளர் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

"இன்னா கதைமா அது?" என்றார் மாணிக்கவேல். "ஓடோவாம், ஆட்டோவாம்!"

"ஓடோதாங்க. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி நார்மண்டியில பிஷப்பா இருந்தாரு. ஒரே தாய் வயித்துல பொறந்த அண்ணன் வில்லியம், கடல் தாண்டிப் போயி இங்கிலாந்தைப் புடிச்சாரு. தம்பிக்கு ஒரு சீமையையே தூக்கிக் குடுத்தாரு. ஒரே ஆளு, பிஷப்பும் அவரே, பிரபுவும் அவரே. யாரு கேக்கறது? ஊரார் நிலத்தையெல்லாம் வளைச்சுப் போட்டுட்டாரு."

மாணிக்கவேலின் கால் நின்றது. "ஐயா, இது உங்களைத்தான் குத்துது."

"குத்தணும்னுதான் எழுதினேன்," என்றாள் சுகாசினி.

வாசலில் நின்ற அலுவலக உதவியாளர் மேரி, "ஆண்டவரே" என்று முணுமுணுத்தாள்.

தாளாளர் இடது காதுமடலைத் தேய்த்தார். கோபத்தை அடக்கும்போது அவர் அப்படித்தான் செய்வார் என்று சுகாசினிக்குத் தெரியும்.

"டீச்சர், சனிக்கிழமை ஆண்டு விழா. சபையே வந்து உக்காரும். புள்ளைங்களோட அப்பா அம்மா எல்லாரும் வருவாங்க. அத்தனை பேர் முன்னாடி ஒரு பிஷப்பு மேல கை வெச்சா, ஊழியக்காரனையே அவமானப்படுத்தின மாதிரி ஆவும்."

"அங்கயும் அதே பயம்தான் சார். பிஷப்பைத் தொட்டா பாவம்னு ஒரு வீரனும் கிட்ட போவல. ராஜாவே எழுந்து போயி தம்பி கையைப் புடிச்சாரு. 'நான் திருச்சபை ஆளு, என்னைத் தொடக்கூடாது'ன்னு ஓடோ கத்தினாரு. அதுக்கு ராஜா இன்னா சொன்னாரு தெரியுமா? 'நான் பிஷப்பைப் புடிக்கல. நான் குடுத்த சீமையை ஆளுற பிரபுவைத்தான் புடிக்கிறேன்.'"

சொல்லும்போதே அவளுக்குச் சிலிர்த்தது. ஏதோ ஒரு மொழிபெயர்ப்புப் புத்தகத்தில் அந்த இடத்தைப் படித்த நாளிலிருந்து, காஞ்சிபுரத்து வெயிலில் ஷேர் ஆட்டோவுக்காக நிற்கும்போதுகூட அவள் காதில் குதிரைக் குளம்பொலி கேட்டுக்கொண்டிருந்தது. ராஜா வேஷம் போடும் நதியா ஒத்திகையில் அந்த வசனத்தைச் சொன்னபோது, பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் விசிலடித்துவிட்டார்கள்.

"நல்லாத்தான் பிரிக்கிறீங்க," என்று தாளாளர் கசப்பாகச் சிரித்தார். "இருக்கறது ஒரே உடம்பு. எங்க வெட்டுவீங்க?"

"வெட்டற இடம் எனக்குத் தெரியும் சார்."

"கேட்டீங்களா திமிரை!" மாணிக்கவேல் கையை உதறினார். "எங்க கடையில ஒரு சேல்ஸ் கேர்ள் இப்படிப் பேசிட்டு நின்னுட முடியுமா?"

அது தாளாளருக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். குரலை உயர்த்தினார். "சீனை எடுக்கலன்னா மாகறல்ல இருக்கற நம்ம சபை ஸ்கூலுக்கு மாத்திடுவேன்."

"மாத்துங்க. அங்கயும் ஒரு மைதானம் இருக்குது. அதையாவது விட்டு வைங்க."

"வேலையை விட்டே எடுத்துடுவேன்!"

"எடுங்க. நாடகத்தைத் தெருவுல போட்டுக்கறோம். புள்ளைங்களுக்கு வசனம் மனப்பாடம். தறிக்காரர் பொண்ணு கீர்த்திதான் ஓடோ. அவங்க அப்பா மிஞ்சின பட்டுத் துண்டெல்லாம் சேத்து அங்கி தெச்சே குடுத்துட்டாரு. அவரு கேக்கறாரு, 'கிரவுண்டு போச்சுன்னா எம்பொண்ணு எங்க ஓடும்'னு. நீங்களே பதில் சொல்லுங்க."

தாளாளர் குத்தகைப் பத்திரத்தை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். பேனாவை எடுத்தார். மூடியைத் திறக்காமல் விரல்களுக்குள் உருட்டினார். ஜன்னலுக்கு வெளியே 'கோ!' என்று ஒரு பிள்ளை கத்தியது.

மதிய உணவுக்கான மணி அடித்தது. சுகாசினி பிரதியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

"இன்னா ஐயா, பேசாம பாத்துக்கினு இருக்கீங்க?" மாணிக்கவேல் எகிறினார். "இந்தம்மாவை இப்பவே வீட்டுக்கு அனுப்புங்க!"

மேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வீட்டுக்குத்தாண்ணே போறேன்," என்று திரும்பிய சுகாசினி, தாளாளரை நேராகப் பார்த்தாள். "வஞ்சிரம் குழம்பு வெச்சிருக்கேன். போதகர் எப்பவும்போல சாப்பிட வரலாம். ஆனா, கரஸ்பாண்டென்ட் வந்து தட்டினா கதவைத் தொறக்க மாட்டேன். என் கழுத்துல தாலி கட்டினது போதகர்தான், அவரு இல்ல."