யார் பாடிய உச்சம்

பனிக்கட்டி மேல் பலகை அடுக்கி, அதன் மேல்தான் மேடை. அரைமணி நேரம் டிரம்ஸ் வாசித்தும் லார்னுக்குக் கால் விரல்கள் மரத்தேதான் இருந்தன.

கனடாவின் சட்பரி ஊரில், ஐஸ் ஹாக்கி அரங்கில் இன்று கடைசிக் கச்சேரி. நாளை முதல் இந்தக் குழு இல்லை.

இதே ஊரில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் பாடத் தொடங்கியவர்கள். கனடாக்காரன் பாட்டையும் போட்டாக வேண்டும் என்ற சட்டத்துக்குப் பயந்து வானொலிக்காரர்கள் வேண்டாவெறுப்பாகப் போட்ட பாட்டு, ஜனங்களுக்குப் பிடித்துப்போனது. அப்புறம் வான்கூவர் வரைக்கும் வேனிலேயே வாழ்க்கை.

எல்லாம் பல்லவி முடிவில் வரும் அந்த உச்சத்தால்தான். மேடையின் முன்னால் பாடகன் கர்ட்டிஸ் அண்ணாந்து வாயைத் திறப்பான். குரல் கொடுப்பது பின்னால் டிரம்ஸ் அடிக்கும் லார்ன். இது குழுவுக்குள் மட்டும் தெரிந்த ரகசியம்.

இப்போது இசைத்தட்டுக் கம்பெனி கர்ட்டிஸை மட்டும் வைத்துக்கொண்டது. பாடுகிறவன் ஒருத்தன், பேர் வாங்குகிறவன் ஒருத்தன். லார்னுக்கு வயிறு எரிந்து எரிந்து, எரியவும் தெம்பில்லாமல் போயிருந்தது.

இன்று மேடையேறும் முன்பும் கர்ட்டிஸ் வழக்கம்போல் லார்னின் தோளைத் தட்டியிருந்தான்.

"மச்சான், அந்த இடத்துல கைவிட்டுடாதடா. என் மானமே உன் தொண்டையிலதான் இருக்கு."

"பாத்துக்கலாம், போடா," என்றான் லார்ன்.

இன்றைக்கு வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தான். அது யார் குரல் என்று ஊருக்கு ஒரு தடவையாவது தெரியட்டும்.

பல்லவி வந்தது. கர்ட்டிஸ் அண்ணாந்தான்.

லார்ன் வாயை இறுக மூடிக்கொண்டான். டிரம்ஸையும் நிறுத்தினான்.

உச்சம் கேட்டது.

பிசிறே இல்லை. அவனுடைய குரல்தான். இருபத்திரண்டு வயதில், இசைத்தட்டுக்காகப் பாடிய குரல்.

கீபோர்டில் ரேஜான் தலை நிமிராமல் ஒரு கட்டையை அழுத்திக்கொண்டிருந்தான். பதிவு செய்து வைத்த குரல் அதிலிருந்துதான் வந்தது. அவன் விரலைப் பார்த்தால் இன்றைக்குத் தொடங்கிய வேலையாகத் தெரியவில்லை.

எத்தனை வருஷமாக? டிரம்ஸ் இரைச்சலில் லார்னுக்குத் தன் குரல் வெளியே எப்படிக் கேட்கிறதென்று ஒருநாளும் தெரிந்ததில்லை.

சத்தம் நின்றதும் கர்ட்டிஸ் திரும்பினான். லார்னின் மூடிய வாயைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போனது.

அந்த உச்சம் லார்னின் தொண்டையை விட்டு எப்போதோ போய்விட்டது; அது இவனுக்குத் தெரியக் கூடாதென்றுதான் கர்ட்டிஸ் தினமும் தோளைத் தட்டிக் கெஞ்சியிருக்கிறான்.