சொந்தக்காரர்கள் மட்டும்

சிறையின் சின்னக் கதவு திறப்பதற்குள் நெட்டை அத்தைக்கு இருப்புக் கொள்ளவில்லை.

உட்கார்ந்தாள், எழுந்தாள். டீச்சரின் கணவர் நீட்டிய தேநீரைக் குடிக்க மறந்து, ஆறிப்போனதும் ஒரே மடக்கில் விழுங்கினாள்.

டீச்சரின் இரட்டைப் பெண்கள்தான் அவளுக்கு அந்தப் பேரை வைத்தவர்கள். எந்த வாசலிலும் குனிந்து நுழைகிற உயரம். தீர்ப்பு வந்த மறுநாள், யாரும் கூப்பிடாமல் அவளாகவே வீடு தேடி வந்து நின்றவள். இந்த ஒரு வருடமாக அவர்களுக்குத் தலை பின்னிவிட்டதும், கணக்குப் பாடத்தில் அவர்களோடு சேர்ந்து விழி பிதுங்கியதும் அவள்தான்.

டீச்சர் செய்த குற்றம் ஊரறிந்தது. பள்ளிக்குப் போகிற வழியில் தண்டவாளம். இரண்டு பிள்ளைகள் அடிபட்டார்கள். நடைபாலம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒரு நாள் காலையில் பெற்றோர்களைக் கூட்டிக்கொண்டு தண்டவாளத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ரயில் ஒரு மணி நேரம் நின்றது.

புதுச் சட்டம். முன்வரிசையில் உட்கார்ந்தவளுக்கு மூன்று வருடம்.

வேடிக்கை என்னவென்றால், அவள் உள்ளே போன கொஞ்ச நாளிலேயே பாலம் வந்துவிட்டது. ரிப்பன் வெட்டினார்கள், கைதட்டினார்கள். பாலம் கேட்டவள் மட்டும் கம்பிக்குப் பின்னால்.

அதன் பிறகுதான் நெட்டை அத்தை, டீச்சரை விடுதலை செய்யச் சொல்லிக் கையெழுத்து வேட்டையில் இறங்கினாள். ஒரு ரயில் நிலையத்தையும் விடவில்லை.

"ரயில் லேட்டானா என்ன கஷ்டம்னு உனக்கென்ன தெரியும்?" என்று ஒருவர் பாய்ந்தார். அவள் வாய்விட்டுச் சிரித்த சிரிப்பில் மனிதர் குழம்பிப்போய், கையெழுத்தே போட்டுவிட்டார்.

மேல் நீதிமன்றம் நேற்றுதான் சொன்னது, இதுவரை அனுபவித்தது போதும் என்று.

கதவு கிறீச்சிட்டது.

உள்முற்றத்தில் டீச்சர். இளைத்த முகம், கையில் ஒரு துணிப்பை. பெண்கள் இருவரும் உள்ளே பாய்ந்த வேகத்தில் டீச்சர் சுவரில் போய்ச் சாய்ந்தாள். கணவர் அழுகையும் சிரிப்புமாக மூவரையும் சேர்த்து அணைக்கப் பார்த்தார், கை எட்டவில்லை.

டீச்சர் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கத்தினாள். "எங்க அவ?"

நெட்டை அத்தை ஓடினாள். காவலர் குறுக்கே கையை நீட்டினார். உள்முற்றத்துக்குள் சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான் அனுமதி.

"நீங்க அவங்களுக்கு என்ன உறவு? அக்காவா, நாத்தனாரா?"

"ரெண்டும் இல்ல சார். அவங்க மறிச்ச ரயிலை ஓட்டிட்டு வந்தது நான்தான்."

நீட்டிய கை தானாக இறங்கியது.

"உங்களுக்கு அவங்க மேல கோபம் வரலையா?"

"வராம? எனக்கு உயிரே போயிட்டு வந்துச்சு. பிரேக்கைப் போட்டுட்டு இறங்கிப் போய், வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன்." சொல்லிக்கொண்டே அவரைத் தாண்டி உள்ளே போய்விட்டாள்.

அங்கிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஒரு மணி நேரத்துக்கு அந்தத் திட்டு போதும் சார். மூணு வருஷம் எதுக்கு?"