திருச்சுழியில் ஒரு வாசகி

“இவுகதேன்! போனுல இருக்காகள்ல, அவுகளேதேன்!”

திருச்சுழி பஸ் நிலையத்தில் தூக்குச்சட்டியோடு நின்ற அந்தப் பெண் விரலை நீட்டியதும், சங்கரலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். புகழ் வரும் நேரத்தில் கை சும்மா இருந்தால் நன்றாக இருக்காது.

பிறகு மனைவி சௌந்தரத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் வாய் லேசாகப் பிளந்திருந்தது. முப்பது வருடக் குடித்தனத்தில் அவர் பார்க்காத காட்சி.

சங்கரலிங்கத்துக்கு அருப்புக்கோட்டையில் பாத்திரக்கடை. அதை மச்சினன் மணிகண்டன் தலையில் கட்டிவிட்டு, ‘பிரபஞ்சப் பாதங்கள்’ என்று இணையத்தில் ஒரு பயண வலைப்பூ நடத்துகிறார். அந்தப் பாதங்கள் வடக்கே காரியாபட்டியைத் தாண்டியதில்லை. தாண்டினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்ப முடியாது.

ஆறு வருடமாக வாசகர்கள் பதினோரு பேர். அதில் ஒன்பது பேர் சம்பந்தி வகையறா, மரியாதைக்காகப் படிப்பவர்கள்.

போன மாதம் ‘திருச்சுழி: என்னை நான் தேடிய மதியம்’ என்றொரு பதிவு போட்டார். நாலாயிரம் சொற்கள், ஒரே ஒரு படம். படத்தில் பஸ் நிலையத்து டைம் கீப்பர் அறைச் சுவரில் சாய்ந்து, கைகட்டி, முடிவற்ற ஏதோ ஒன்றை வெறித்துக்கொண்டிருந்தார்.

பத்தே நாளில் தினம் எண்ணூறு பேர் வர ஆரம்பித்தார்கள். காலை எட்டு மணிக்கும் சாயங்காலம் ஐந்துக்கும் ஒரே நெரிசல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் மந்தம்.

“காலையிலயும் அந்தியிலயும் மனசு என் எழுத்தைத் தேடுது, சௌந்தரம்.”

“நம்பரு என்னத்தையும் காட்டும். உங்க எழுத்தால பிரயோசனப்பட்ட ஒரு ஆளக் கண்ணுல காட்டுங்க. காட்டிட்டா இந்த ஜென்மத்துல கடைக்குக் கூப்பிட மாட்டேன். காட்டலைன்னா நாளைக்குக் காலையில கல்லாவுல உக்காரணும்.”

அந்தப் பந்தயத்துக்காகத்தான் இருவரும் வந்திருந்தார்கள். படம் எடுத்த அதே இடத்தில் நின்று காத்திருக்கலாம் என்று பார்த்தால், சுவரை அடியோடு மூடி ஒரு காதணி விழா பேனர். அதில் தாய்மாமன்கள் பதினேழு பேர் வரிசையாகக் கும்பிட்டார்கள். சங்கரலிங்கம் அவர்களுக்குக் கீழேயே நின்றார். ஐந்து நிமிடத்தில் வாசகி வந்துவிட்டாள்.

பெயர் ராக்கம்மாள். தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை. ஊர் வீரசோழன் போகிற வழியில்.

“அண்ணன் படம் இல்லாத போனு எங்க தெருவுல கிடையாது மதினி,” என்றாள் சௌந்தரத்திடம்.

சௌந்தரம் லேசில் விடுகிறவள் இல்லை. “சும்மா படம் இருக்கா, இல்ல எடுத்துப் பாப்பீகளா?”

“என்ன மதினி இப்பிடிக் கேட்டுட்டீக! தெனமும் ரெண்டு வாட்டி. வேலைக்குக் கெளம்பயில ஒருக்க, வீட்டுக்குப் போகயில ஒருக்க.”

சங்கரலிங்கத்தின் மார்பு சட்டைப் பொத்தானைச் சோதித்தது. “மனசுல என்ன மாற்றம் தெரியுதும்மா?”

“நிம்மதியா வீடு போய்ச் சேருறோம்ணே. அதுக்கு முந்தி இங்கனயே நின்னு தவிச்சோம். யாரக் கேட்டாலும் ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாக.”

“கேட்டுக்கிட்டியா சௌந்தரம்? தவிப்பு... தேடல்... அப்புறம் வீடு!”

சௌந்தரம் பெருமூச்சு விட்டாள். “சரிங்க, நாந்தேன் தோத்துட்டேன். கடைய மணிகண்டனே பாக்கட்டும்.”

வென்றவருக்கு அத்தோடு கிளம்பத் தோன்றுமா? “அடுத்த பதிவுக்கு ஏதாவது ஆலோசனை இருந்தா கூச்சப்படாமச் சொல்லும்மா. வாசகர் குரலுக்குக் காது கொடுக்கிறவன் நான்.”

ராக்கம்மாள் தயங்கித் தயங்கிப் போனை எடுத்து, அவர் படத்தை இரண்டு விரலால் விரித்தாள். விரிக்க விரிக்க அவர் முகம் திரையை விட்டு வெளியே போய், ஒரு காது மட்டும் மிஞ்சியது.

“அடுத்தவாட்டி எடுக்கயில கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே. சுவத்துல எழுதியிருக்க பஸ்ஸு டயத்துல, வீரசோழன் கடைசி வண்டிய மட்டும் உங்க தலை மறைக்குது!”