வெள்ளிக்கிழமை பத்தரை மணி ஊர்வலம்

கண்ணுகளா, நாலு பேர் சேர்ந்து தெருவில் நடந்தாலே ஊர்வலம் என்று மாநகராட்சி எழுதிவைத்த பிறகு, சாவுக்கும் அனுமதி வேண்டியதாயிற்று. விண்ணப்பித்தால் மூன்று மாதம் கழித்துத்தான் நாள் கிடைக்கும். அனுமதி இல்லாத பிணத்தை மாநகராட்சி வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும்.

துலுக்காணத்துக்கு டாக்டர் கைவிரித்த அன்றே மகள் கஸ்தூரி விண்ணப்பித்தாள். வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி கிடைத்தது. அந்த வெள்ளிக்கிழமை வந்தபோது அவர் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் சாவலையேன்னு பாக்குறியா?" என்று சிரித்தார்.

"சும்மா இரு நைனா. இத்த வுட்டா இனிமே தை மாசம்தான்" என்று கஸ்தூரி அழுதாள்.

"அப்ப பாடையக் கட்டு, நானே ஏறிக்கிறேன். எத்தினி பேருக்குத் தோள் குடுத்திருக்கேன்! எனக்கு யாரு வராங்கன்னு பாத்துட்டுப் போறேன்."

மனைவி பவுனம்மா மட்டும் வாசலைத் தாண்டவில்லை. "உசுரோட கீற புருசனுக்கு நான் அழமாட்டேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

பறை முழங்கியது. மாலையோடு பாடையில் உட்கார்ந்து, வீட்டுக்கு வீடு கும்பிட்டுக்கொண்டே போனார் துலுக்காணம். தெருவே அழுதது. சுடுகாட்டு வாசலில் இறங்கி, ஆட்டோவில் வீடு திரும்பினார்.

செவ்வாய்க்கிழமை இறந்தார். வண்டி வந்து எடுத்துக்கொண்டு கிளம்பியது. தெருவார் சன்னலோடு நின்றுவிட்டார்கள். பவுனம்மா தலைவிரிகோலமாக மார்பில் அடித்துக்கொண்டு வண்டியின் பின்னால் ஓடினாள். போலீஸ்காரர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், தடுக்கவில்லை.

ஒருத்தி தனியாக ஓடுவதற்கு அனுமதி தேவையில்லை.