காற்று வந்தால்தான்

“இன்னிக்காவது சூடு வருமா, இல்ல நாளைக்குன்னு கதை விடுவீங்களா?” சால்வையைப் போர்த்திக்கொண்டு கேட்டார் மேனேஜர் மேடம்.

ஏணி மேல் நின்ற எலக்ட்ரீஷியன் பல்லைக் கடித்தான். கூரைக்குள் இருந்து அறைக்குக் காற்று ஊதும் பெட்டியின் ஹீட்டருக்கு மறுபடியும் மறுபடியும் வயரைக் கழற்றி மாட்டியாயிற்று. கரண்ட் வருகிறது, சூடுதான் வரவில்லை. அவன் ஸ்வெட்டரையும் ஒரு வாரமாகக் காணோம். அவனுக்கே கை விறைத்தது.

“மத்த ரூம்ல எல்லாம் எரியுது. என் ரூம் மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?”

“மேடம், காத்து ஓடினாத்தான் இந்த ஹீட்டர் எரியும். காத்து நின்னா, தீப்பிடிக்காம இருக்கத் தானா அணைஞ்சிடும்.”

“நல்ல விளக்கம்! அதுக்குள்ள நான் விறைச்சே செத்துடுவேன்.”

கதவோரம் நின்ற கிளார்க் ஏனோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

எரிச்சலில் காற்று வரும் கிரில்லைக் கழற்றினான். உள்ளே எதையோ சுருட்டி அடைத்திருந்தார்கள். பிடித்து இழுத்தான்.

முழங்கையில் ஒட்டுப்போட்ட அவனுடைய ஸ்வெட்டர்!

“ஹீட்டர் மாட்டறதுக்கு முன்னாடி வெறும் காத்தை ஓடவிட்டுப் பார்த்தீங்கல்ல? குளிர் தாங்கல. மேசை மேல ஏறி நான்தான் அடைச்சேன்,” என்றார் மேடம், குரல் இறங்கி.

“அதுக்கு என் ஸ்வெட்டர்தான் கிடைச்சுதா?”

“பின்ன? கட்டின புருஷன் ஸ்வெட்டர் வீட்லயே இருக்கறப்ப, பக்கத்து வீட்லயா போய்க் கேட்பாங்க?”