வன்கண்ணன்

“இந்த மாசக் கடைசி ஞாயிறு, செய்தி கொடுக்கப்போறது நம்ம திரிஷா” என்று பாஸ்டர் அறிவித்ததும் ஐயம்பேட்டை சபையே கை தட்டியது. கிறிஸ்டோபர் மட்டும் தட்டவில்லை. அதை எல்லோரும் பார்த்தார்கள்.

அவர் எப்படித் தட்டுவார்? கடைசி ஞாயிறு என்றால் கிறிஸ்டோபர்தான் பேசுவார் என்பது பல வருஷத்து வழக்கம். ஜெபக்கூடம் ஓலைக் கொட்டகையாக இருந்த காலத்து ஆள் அவர். திரிஷா போன வருஷம்தான் இந்த ஊருக்கு மருமகளாக வந்தாள். காஞ்சிபுரத்தில் ஏதோ இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அவளுக்குப் போய்க் கைதட்டல்.

வயிறு எரிந்தது கிறிஸ்டோபருக்கு.

இதில் கொடுமை, அவள் தினமும் வேலைக்குப் போவதே அவருடைய ஷேர் ஆட்டோவில்தான். மறுநாள் ஏறி உட்கார்ந்ததுமே பைபிளைப் பிரித்துவிட்டாள்.

“அண்ணா, ஒரு டவுட்டு. திராட்சத்தோட்டத்துக் கதையைத்தான் பேசச் சொல்லியிருக்காரு பாஸ்டர். காலையில வேலைக்கு வந்தவங்களுக்கும் சாயங்காலம் வந்தவங்களுக்கும் ஒரே கூலி. காலையில வந்தவங்க சண்டைக்கு நிக்கறாங்க.”

“நிக்காம? நாளெல்லாம் வெயில்ல காஞ்சவனுக்குத்தாம்மா அந்த வலி தெரியும்.” எதிரில் யாருமே இல்லாத ரோட்டில் ஹாரனை அழுத்தினார் கிறிஸ்டோபர்.

“அப்போ தோட்டத்து முதலாளி, ‘நீ வன்கண்ணனா’ன்னு கேக்கறாரு. அப்படின்னா என்னாண்ணா? வன், டூ, த்ரீல வர்ற வன்னா? ஒத்தைக் கண்ணு உள்ளவனா?”

கிறிஸ்டோபருக்குச் சிரிப்பு முட்டியது. சரியான அர்த்தம் அவருக்குத் தெரியும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார். கைதட்டல் ஞாபகம் வந்தது.

“ஆமாம்மா, ஒத்தைக் கண்ணன்தான். கரெக்டா புடிச்சிட்டியே” என்றார்.

“தேங்க்ஸ்ண்ணா. எது புரியலன்னாலும் உங்களைக் கேக்கச் சொல்லி பாஸ்டர்தான் சொன்னாரு.” மூங்கில் மண்டபம் ஸ்டாப்பில் இறங்கிப் போய்விட்டாள்.

கடைசி ஞாயிறன்று கிறிஸ்டோபர் முதல் ஆளாகப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

திரிஷா நன்றாகத்தான் பேசினாள். அந்த வார்த்தை வந்ததும் கொஞ்சம் தயங்கினாள். கிறிஸ்டோபரை ஒரு தரம் பார்த்தாள்.

“வன்கண்ணன்னா... ஒத்தைக் கண்ணன்.”

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாடகர் குழுவில் இருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்புறம் சபையே குலுங்கியது. திரிஷா எப்படியோ முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய் உட்கார்ந்தாள்.

எரிந்த வயிறு குளிர்ந்தது. அடுத்த மாசம் யார் செய்தி கொடுப்பது என்று இனிமேல் யாரும் யோசிக்க வேண்டியதில்லை.

ஆராதனை முடிந்து கிறிஸ்டோபர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, தூணுக்கு அந்தப் பக்கம் பாஸ்டரின் குரல் கேட்டது.

“ஏம்மா திரிஷா, நேத்து நீதானே போன் பண்ண? ‘அகராதியில பாத்தேன் பாஸ்டர், வன்கண்ணன்னா பொறாமைக்காரன்னு போட்டிருக்குது’ன்னு சொன்னியே. அப்புறம் ஏன் மாத்திச் சொல்லி எல்லாரும் சிரிக்கிற மாதிரி பண்ணிக்கின?”

கிறிஸ்டோபர் ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றார்.

“வேற எப்படி பாஸ்டர் சொல்றது?” என்றாள் திரிஷா. “பொறாமைக்காரன்னு சொன்னா, எல்லாரும் கிறிஸ்டோபர் அண்ணனைத் திரும்பிப் பாப்பாங்களே.”