ரெண்டு கோடு சூடு

“ஸ்வெட்டர்ல தொப்பி இருக்கக் கூடாது. கழட்டுங்க.”

எவரெட் கழற்றினான். உள்ளே இன்னொரு ஸ்வெட்டர் இருந்தது.

“அதுக்குள்ள?”

“கம்பளி பனியன், மேடம்.”

தேர்வு மையத்தின் வாசல் மேசையில் இருந்த ஒர்லீன் அம்மாள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெளியே ஓக்லஹோமாவின் ஜூலை வெயில் கார்களை வறுத்துக்கொண்டிருந்தது.

“உடம்புக்கு ஏதாச்சும் முடியலையா தம்பி?”

“உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இந்தப் பரீட்சை ஹாலுங்கதான் ஐஸ் பெட்டி. ரெண்டு தடவை தலைநகர் சென்டர்ல எழுதி, ரெண்டு தடவையும் கோட்டை விட்டேன். விரல் விறைச்சுப்போய் கால்குலேட்டர்ல ஏழை அமுக்கினா எட்டு விழுது. அதான் உங்க ஊராச்சும் பரவாயில்லையான்னு காரைப் போட்டுக்கிட்டு வந்தேன்.”

“என்ன பரீட்சை?”

“இன்ஜினியர் லைசென்ஸ். கட்டடங்களுக்கு ஏ.சி. போடுற இன்ஜினியர் நான்.”

“ஏ.சி.யா?” என்றாள் ஒர்லீன். அவன் நீட்டிய அடையாள அட்டையை வாங்கிப் பெயரை ஒருமுறை படித்தாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு இன்னொருமுறை படித்தாள். “எவரெட் ஸ்டபிள்ஃபீல்ட். ம்.”

பிறகு சோதனை தொடர்ந்தது. பாக்கெட்டுகளை வெளியே இழுத்துக் காட்டினான். சட்டைக் கையை மடித்துக் காட்டினான். அவன் மூக்குக்கண்ணாடியை அவள் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அனுமதித்த மாடல் கால்குலேட்டர்தானா என்று அடியில் எழுதியிருந்ததைக்கூட விடவில்லை. தொப்பி ஸ்வெட்டர் லாக்கருக்குள் போனது. எவரெட் அதை ஏக்கத்தோடு பார்த்தான்.

அவனுக்கு இது வெறும் பரீட்சை இல்லை. லைசென்ஸ் இல்லாததால் இத்தனை வருடமாக அவன் போட்ட வரைபடங்களில் வேறு யாரோதான் முத்திரை குத்துகிறார்கள். அவனிடம் வேலை கற்ற ட்ரெவர் முதல் தடவையிலேயே பாஸ் செய்துவிட்டான். ஆபீஸில் கேக் வெட்டினார்கள், கத்தியை எடுத்துக் கொடுத்தவன் எவரெட். இந்தத் தடவையும் போனால், அடுத்த மாதம் காலியாகும் பிரிவுத் தலைவர் நாற்காலியில் ட்ரெவர் உட்காருவான்.

உள்ளே போய் உட்கார்ந்து நாலு கேள்விகூட முடியவில்லை. எவரெட் கையைத் தூக்கினான். ஒர்லீன் சத்தமில்லாமல் வந்து குனிந்தாள்.

“குளிருது மேடம்.”

“பக்கத்துல அந்தப் பொண்ணு கையில்லாத சட்டை போட்டுக்கிட்டு நிம்மதியா எழுதுது.”

“அது நர்ஸ் பரீட்சை. எனக்குக் கணக்கு.”

ஒர்லீன் நிமிர்ந்து திரும்பப் போனாள்.

“அந்தச் சுவத்துல தெர்மோஸ்டாட் இருக்குல்ல, சூட்டைக் கொஞ்சம் ஏத்தி விடக் கூடாதா? உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

அவள் நடந்துபோய்ச் சுவரில் இருந்த வெள்ளைப் பெட்டியின் முன்னால் நின்றாள். திருகைப் பிடித்து நிதானமாகத் திருப்பினாள். கிளிக். கிளிக்.

“ரெண்டு கோடு ஏத்தியிருக்கேன். சூடு ஏற கொஞ்ச நேரம் ஆகும். பொறுமையா இருங்க” என்று காதோரம் சொல்லிவிட்டுப் போனாள்.

அவ்வளவு நேரம்கூட ஆகவில்லை. முதலில் காது மடல் சூடானது. பிறகு விரல்கள் மடங்கின. ஏழை அமுக்கினால் ஏழே விழுந்தது. இரண்டு தடவையும் அவனைக் கவிழ்த்த ஈரப்பதக் கணக்கு, இந்தத் தடவை நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வந்தது. எவரெட்டுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பரீட்சை ஹாலில் சிரிக்கலாமா என்று விதிகளில் சொல்லியிருக்கவில்லை, அதனால் அடக்கிக்கொண்டான்.

நடு இடைவேளையில் நெற்றியைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான். இரண்டாவது ஸ்வெட்டரையும் லாக்கரில் திணித்தான்.

“மேடம், தப்பா நினைக்காதீங்க. வேர்க்குது. ஒரு கோடு குறைச்சு விடுறீங்களா?”

“குறைச்சுட்டாப் போச்சு” என்று ஒர்லீன் எழுந்தாள். உள்ளே கிளிக் என்று ஒரு சத்தம் கேட்டது.

மாலையில் எவரெட் வெளியே வந்தபோது அவன் முகத்தில் கல்யாணக் களை. வெளியேறும்போதும் அட்டையைக் காட்ட வேண்டும் என்பது விதி. காட்டினான்.

“எப்படி எழுதினீங்க?”

“பிச்சு உதறிட்டேன் மேடம். இந்தத் தடவை பாஸ். நான் மக்கு இல்ல, குளிருதான் காரணம்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன், என் பொண்டாட்டிகூட நம்பல.” அவன் உள்ளே கை காட்டினான். “அந்தப் பெட்டியை வச்சவன் யாரு? தொழில் தெரிஞ்சவன். சொன்னா சொன்னபடி கேக்குது. பேரைச் சொல்லுங்க, எங்க கம்பெனிக்கே கூப்பிட்டுக்கிறேன்.”

“அதுல ஒயர் கிடையாது தம்பி.”

“என்னது?”

“வெறும் டப்பா. ரெண்டு ஆணியில தொங்குது. முன்னாடியெல்லாம் இங்க வர்றவங்க குளிருது குளிருதுன்னு என் உயிரை எடுப்பாங்க. ஏ.சி. கம்பெனிக்கு ஃபோன் மேல ஃபோன் போட்டேன். கடைசியில ஒரு இன்ஜினியர்தான் ஃபோன்லயே வழி சொன்னாரு. ‘சுவத்துல ஒரு டப்பாவை மாட்டுங்க மேடம், யாராச்சும் கேட்டா திருகி விடுங்க. குளிரெல்லாம் அவங்க மனசுலதான் இருக்கு’ன்னாரு.”

எவரெட் திரும்பி உள்ளே அந்தப் பெட்டியைப் பார்த்தான்.

“பேரு கேட்டீங்கள்ல?” ஒர்லீன் அவனுடைய அட்டையைத் திருப்பி அவன் கையில் வைத்தாள். “இதுலயே போட்டிருக்கு.”